என்பிஏ டிராஃப்டில் கல்லூரி ஆட்டக் கணக்கைப் பார்ப்பதா, வருங்காலத் திறனைப் பார்ப்பதா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள், ஆண்டுதோறும் புதிய வீரர்களை ஒருவர் பின் ஒருவராக வரிசைப்படி தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். அதில், கல்லூரியில் நிறையப் புள்ளி எடுத்த வீரரை நம்புவதா, இன்னும் பெரிதாக எதையும் செய்யாவிட்டாலும் வளரக்கூடியவராகத் தெரியும் இளைஞரை நம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிப்பவன். மில்வாக்கி பக்ஸ் அணியின் ஏற்ற இறக்கங்களோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வருபவன். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2016 ஜூன் மாத டிராஃப்டில் பக்ஸ் அணி ஒரே இரவில் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தது. 10ஆவது இடத்தில் தோன் மேக்கர் என்ற 19 வயது, ஏழடி உயர இளைஞரை எடுத்தது. அவர் கல்லூரியில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், கனடாவில் ஒரு பள்ளி அணியிலிருந்து நேரடியாக வந்தவர். அதே இரவில், 36ஆவது இடத்தில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மால்கம் பிராக்டனை எடுத்தது. காலில் காயம்பட்டு ஆடாமல் இருந்த ஓராண்டையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளைக் கல்லூரியில் கழித்திருந்த அவருக்கு அப்போது வயது 23. அந்தப் பருவத்தில் தன் கல்லூரி லீகான ஏசிசியின் சிறந்த வீரர், சிறந்த தற்காப்பு வீரர் ஆகிய இரண்டு விருதுகளையும் அவரே பெற்றிருந்தார். அப்படியும் 35 பேர் எடுக்கப்படும் வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் அவருடைய வயதுதான்: இதற்கு மேல் இவர் வளரமாட்டார் என்பது பரவலான கணிப்பு.

அடுத்த ஆண்டு சிறந்த புதுமுக வீரர் விருதைப் பிராக்டன் வென்றார். 2018-19 பருவத்தில் மொத்த வீச்சுகளில் 50 சதவீதம், மூன்று புள்ளி வீச்சுகளில் 40 சதவீதம், எதிரணியின் தவறுக்காக யாரும் மறிக்காமல் வீசக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதம் ஆகிய மூன்று எல்லைகளையும் ஒருசேரத் தாண்டினார். அதே பருவத்தின் நடுவில் மேக்கர் டெட்ராய்ட் அணிக்கு மாற்றப்பட்டார்.

இதை மட்டும் வைத்துக் கல்லூரிக் கணக்கே போதும் என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால் இதே பக்ஸ் அணி, இதே பொது மேலாளர் ஜான் ஹாமண்டின் காலத்தில், 2013இல் 15ஆவது இடத்தில் யானிஸ் அன்டெட்டோகூன்போவை எடுத்திருந்தது. அவரும் கல்லூரியில் ஆடாதவர்தான். கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன். அந்த முதல் பருவத்தில் 82 ஆட்டங்களில் 15 மட்டுமே வென்று அணி கடைசி இடத்தில் கிடந்தது. பக்ஸின் அப்போதைய அரங்கமான பிராட்லி சென்டரின் மேல் அடுக்கில், காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை (ரீபவுண்டை) பிடித்தவுடன், பந்தைக் கொண்டுசெல்லும் வேலை உள்ள கார்டிடம் கொடுக்காமல் தானே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார். நாலைந்து எட்டில் எதிர்க்கூடைக்கு அருகில் போய்விடுவார். அங்கே போனதும் கால்கள் பின்னிக்கொள்ளும், பந்து கைநழுவி எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகும். ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளிதான் எடுத்தார். ஆயினும் அந்த உயரத்தில் பந்தைத் தட்டிச் செல்லவும், ஓடும்போதே சக வீரர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கவும் தெரிந்த ஒருவரை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை. 2019, 2020 என இரண்டு முறை லீகின் மிகச் சிறந்த வீரர் (எம்விபி) ஆன அவர், 2021 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்.

மேக்கரையும் யானிஸையும் பிரித்துக் காட்டுவது எது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யானிஸ் சிறிய லீகில் ஆடினாலும் வயதில் மூத்த ஆண்களுக்கு எதிராக ஆடினார். ஏழடியை நெருங்கும் உயரத்தில் கார்டுகளின் வேலையை அங்கேயே செய்து காட்டினார். மேக்கரைப் பற்றிய நம்பிக்கை பெரும்பாலும் அவருடைய உயரத்தையும், பள்ளி மாணவர்களுக்கு எதிரான ஆட்டங்களின் காணொளிகளையும் ஆதாரமாகக் கொண்டிருந்தது. இதை வைத்தே சொல்கிறேன்: வருங்காலத் திறனுக்கும் களத்தில் ஒரு சாட்சி இருந்தாக வேண்டும். இப்போதே முழுதாகச் செய்ய முடியாவிட்டாலும், அந்தத் திறனின் ஒரு துண்டையாவது உண்மையான எதிரிகளுக்கு முன்னால் செய்து காட்டியிருக்க வேண்டும்.

கல்லூரிக் கணக்கையும் அதே கண்டிப்போடு படிக்க வேண்டும். பிராக்டன் கடைசி ஆண்டில் எடுத்த சராசரி 18.2 புள்ளி பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று. அவர்களுடைய ஆட்டத்தில் வீசுவதற்குக் கிடைக்கும் வாய்ப்புகளே குறைவு. மாறாக, 2011இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃபிரெடெட் சராசரி 28.9 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தார். 10ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு சாக்ரமென்டோ அணிக்குப் போனார். கல்லூரியில் பந்து எப்போதும் அவர் கையில்தான் இருந்தது. என்பிஏவில் தன்னைவிட உயரமான, வேகமான தடுப்பாளருக்கு எதிரே வீச்சுக்கான இடத்தை உருவாக்கவும் முடியவில்லை, எதிரணியின் வேகமான கார்டுகளைத் தடுக்கவும் முடியவில்லை.

அதே ஆண்டு 15ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் கவாய் லெனார்ட். சான் டியேகோ ஸ்டேட் கல்லூரியில் அவருடைய மூன்று புள்ளி வீச்சில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் விழுந்தது. பலரையும் தயங்கவைத்த எண் அது. ஆனால் ஃப்ரீ த்ரோவில் நான்கில் மூன்று விழுந்துகொண்டிருந்தது. தடுப்பாளர் இல்லாமல், அவசரமில்லாமல் வீசும்போது விழுகிறதென்றால் கையில் அளவும் மென்மையும் இருக்கின்றன, திருத்த வேண்டியது வீசும் முறையை மட்டும்தான் என்று பொருள். அவர் போய்ச் சேர்ந்த சான் அன்டோனியோ அணியின் வீச்சுப் பயிற்சியாளர் சிப் எங்கெலண்ட் அந்த முறையைத் திருத்தினார். முதல் ஆண்டிலேயே லெனார்ட் மூன்று புள்ளி வீச்சுகளில் 37 சதவீதத்துக்கு மேல் போட்டார். அவருடைய நீண்ட கரங்களையும் அகன்ற உள்ளங்கைகளையும் எந்தப் பயிற்சியாளராலும் இன்னொருவருக்குக் கொடுத்திருக்க முடியாது. கற்றுத்தர முடிந்தது குறைவாகவும், கற்றுத்தர முடியாதது நிறைவாகவும் இருந்தால் அந்த இளைஞரை நான் தயங்காமல் எடுப்பேன்.

சில நேரம் கல்லூரிக் கணக்கில் பூஜ்யமாகப் பதிவானதே பெரிய தகவலாக இருக்கும். 2008 நவம்பரில் டேவிட்சன் கல்லூரிக்கு எதிராக ஆடிய மேரிலாந்து லயோலா அணி, பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான டேவிட்சனின் ஸ்டெஃபன் கரியை ஆட்டம் முழுவதும் இருவரைக் கொண்டு மறித்தது. அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகச் சராசரி எடுத்தவர், அன்று களத்தின் ஓரத்தில் போய் நின்றுகொண்டு, மீதமுள்ள நால்வரையும் எதிரணியின் மூவரோடு ஆடவிட்டார். மூன்றே முறை வீசினார், ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. டேவிட்சன் 78-48 என்று வென்றது. ஆட்டத்தை இவ்வளவு தெளிவாகப் படிக்கத் தெரிந்தவரை, ஒல்லியானவர், சிறிய லீகில் ஆடியவர் என்ற தயக்கத்தால் 2009 டிராஃப்டில் ஏழாவது இடம் வரை விட்டுவிட்டார்கள். மினசோட்டா அணி ஐந்தாவது, ஆறாவது இடங்களில் அடுத்தடுத்து ஆட்டத்தை நடத்தும் இரண்டு கார்டுகளை (பாயிண்ட் கார்டுகளை) எடுத்தும் அவரை எடுக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

அணியின் நிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் சுற்று வீரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு வரை நீளும். 19 வயதுக்காரர் தேறும்போது அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டிருக்கலாம். தோல்விகளைத் தாங்கிக்கொண்டு அவரைக் களத்தில் நிறுத்தும் பொறுமை உள்ள அணிதான் அவரை எடுக்க வேண்டும். 15 வெற்றியோடு முடிந்த அந்தப் பருவத்தில் பக்ஸுக்கு இழக்க எதுவும் இல்லாததால்தான் யானிஸ் தவறு செய்து கற்க முடிந்தது.

ஆகவே தேர்வு என் கையில் இருந்தால், முதல் ஐந்தாறு இடங்களில், சாட்சி உள்ள இளையவர் கிடைத்தால் அவரையே எடுப்பேன். அங்கே தேட வேண்டியது அணியின் போக்கையே மாற்றக்கூடிய ஒருவரை. 20ஆவது இடத்தைத் தாண்டிவிட்டால், பெரிய கல்லூரிகளுக்கு எதிராக மூன்று நான்கு ஆண்டுகள் ஆடி, ஒவ்வோர் ஆண்டும் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தவரை, வயதைப் பார்த்து ஒதுக்கமாட்டேன். 2012இல் டிரேமண்ட் கிரீன் 35ஆவது இடத்திலும், 2016இல் பிராக்டன் 36ஆவது இடத்திலும், நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதோடு வந்த ஜேலன் பிரன்சன் 2018இல் 33ஆவது இடத்திலும்தான் எடுக்கப்பட்டார்கள். பின்னாளில் என்பிஏவில் பெயர் பெற்ற இந்த மூவருக்குமே முதல் சுற்றின் 30 இடங்களில் இடம் கிடைக்கவில்லை.