இருட்டை எப்படி எடுப்பது? மாணவர் பேய்க் குறும்படம்: கேள்வி பதில்

ஒளிப்பதிவு, ஒலி இரண்டும் என் பக்கம். மேக்கப் ஓரளவு தெரியும். கதை, நடிகர் தேர்வு, வியூஸ் ஏற்றும் வித்தை இதற்கெல்லாம் வேறு ஆளைப் பிடியுங்கள். ஒரு போன், இரண்டு மூன்று விளக்கு, நாலைந்து நண்பர்கள், ஒரு வீடு. உங்கள் கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

மூன்றாமாண்டு: அக்கா, போன்லதான் எடுக்கிறோம். ராத்திரி சீன் எல்லாம் புள்ளி புள்ளியா கொசகொசன்னு வருது. நல்ல கேமரா வாடகைக்கு எடுத்தா சரியாகுமா?

வேண்டாம். அந்தக் காசை விளக்குக்குப் போடுங்கள். வெளிச்சம் போதாதபோது போன் தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் அளவை, 2000, 3000 என்று ஏற்றிவிடுகிறது. புள்ளி வருவது அதனால்தான். மேனுவல் கட்டுப்பாடு உள்ள கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி, ஐஎஸ்ஓ 400 என்று வையுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் 800 வரை போகலாம், அதற்கு மேல் கூடாது. ஒயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சாயல்), ஃபோகஸ் இரண்டையும் பூட்டிவிடுங்கள். மெயின் லென்ஸ் மட்டும் போதும். மற்ற லென்ஸ்களுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரும்பாலும் சிறியது, இருட்டில் திணறும்.

இப்போது படம் கறுப்பாகத் தெரியும். அங்கே ஐஎஸ்ஓவைத் தொடாமல் விளக்கைக் கொண்டுவாருங்கள். சன்னலுக்கு வெளியே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் வலுவான ஒரு எல்இடி. அது நடிகரின் பின்னாலோ பக்கவாட்டிலோ விழ வேண்டும். கேமரா பக்கமிருந்து முகத்தில் அடிக்கும் விளக்கு பேய்ப்படத்தைப் பிறந்தநாள் வீடியோ ஆக்கிவிடும். பிரேமுக்குள் ஒரு மேசை விளக்கு இருக்கட்டும். அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவர் அதை வைத்து நம்புவார். முகத்தின் இருண்ட பக்கம் அடியோடு போய்விட்டால் ஒரு மீட்டர் தூரத்தில் வெள்ளைத் தெர்மாகோல் பிடித்தால் போதும்.

முக்கியமான விஷயம்: நடிகரைச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகும். விளக்கிலிருந்து நடிகர் 1 மீட்டரிலும் பின்சுவர் 4 மீட்டரிலும் இருந்தால், நடிகர் மேல் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். சுவர் தானே இருட்டில் மூழ்கும். நடிகர் சுவரில் சாய்ந்து நின்றால் இரண்டுக்கும் ஒரே வெளிச்சம், பயத்துக்கு இடமே கிடையாது. வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறை என்றால் கேமராவில் தெரியாத பக்கமெல்லாம் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் சுவரே பவுன்ஸ் அட்டையாகி அறை முழுக்க வெளிச்சத்தைப் பரப்பிவிடும்.

பல்புச்சாமி: பல்பு எரியும்போது வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது.

ஷட்டர் மின்சாரத்தோடு ஒத்துப்போகவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. அப்படியும் ஓடினால் பல்பை மாற்றுங்கள். மலிவான எல்இடியை டிம்மரில் போட்டாலும் இதே தொல்லை வரும். ஒவ்வொரு விளக்கையும் முந்தின நாளே பத்து விநாடி எடுத்துப் பாருங்கள்.

செம்பருத்தி: ரத்தம் செய்யும் அளவு சொல்லுங்கள். நாங்கள் செய்தது ஜாம் மாதிரி இருந்தது.

சிவப்பை மட்டும் கலந்தால் ஜாம்தான். ஒரு கப், அதாவது சுமார் 240 மில்லி கெட்டியான சர்க்கரைப் பாகு அல்லது கார்ன் சிரப். அதில் 2 டீஸ்பூன் திரவச் சிவப்பு உணவு நிறம், 1 டீஸ்பூன் கோகோ தூள், 2 அல்லது 3 சொட்டு நீலம். கோகோவை முதலில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் குழைத்துக்கொள்ளுங்கள், நேரே கொட்டினால் கட்டி தட்டும். ஒளி ஊடுருவாத தன்மை கோகோவால் வருகிறது, ஆரஞ்சுச் சாயலை நீலம் அடக்குகிறது. காய்ந்த ரத்தம் வேண்டுமென்றால் கோகோவைக் கூட்டிப் பாகைக் குறையுங்கள். நிறத்தைச் சமையலறை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படம் பிடிக்கப்போகும் விளக்கில், அதே ஒயிட் பேலன்ஸில், போன் வழியாகவே பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் சாக்லேட் சிரப்பே போதும், அந்தக் காலத்தில் அதைத்தான் ஊற்றினார்கள்.

தோலில் பூசும் இடத்தில் முதலில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள், கறை தங்காது. சட்டையில் கறை போகாது என்றே வைத்துக்கொண்டு ஒரே மாதிரி மூன்று சட்டை வையுங்கள். ரத்த ஷாட்டுகளைக் கடைசியில் எடுங்கள். தரையில் சிந்தினால் வழுக்கும், அதன் மேல் யாரையும் ஓடவிடாதீர்கள்.

குட்டிக்குறும்பன்: என்ன கேமரா வாங்கலாம்?

முதல் பதில்.

நிழல்விரும்பி: முதல் பதிலைப் படித்தேன். ஒத்துக்கொள்ள முடியவில்லை. இருட்டு வேண்டுமென்றால் இருட்டாகவே எடுக்க வேண்டும். இவ்வளவு விளக்கு வைத்து எடுத்துவிட்டு எடிட்டில் கறுக்கடித்தால், பகலில் எடுத்து நீலம் பூசியது போலத்தான் இருக்கும்.

இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். வெளிச்சத்தின் அளவு வேறு, விகிதம் வேறு. முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் இருண்ட பக்கத்துக்கும் உள்ள விகிதம் 8க்கு 1 என்றால், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் மொத்த வெளிச்சத்தை) ஏற்றினாலும் இறக்கினாலும் அது 8க்கு 1தான். இருட்டு என்ற உணர்வைத் தருவது அந்த விகிதம். நீங்கள் சொல்லும் பகல் எஃபெக்ட், எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் விழுந்த ஷாட்டை இறக்கும்போது வருவது. விகிதத்தைப் படப்பிடிப்பில் சரியாக அமைத்து, கடைசியில் வேண்டியதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) மட்டும் கூடுதலாக எடுத்து, எடிட்டில் நிறமும் வெளிச்சமும் சரிசெய்யும் கிரேடிங்கில் அந்த ஒரு ஸ்டாப்பை இறக்கினால் புள்ளிகளும் கறுப்புக்குள் அமுங்கிவிடும். ஒரு ஸ்டாப் என்றேன், மூன்று இல்லை.

நிழல்விரும்பி: அந்த 8க்கு 1ஐப் போனில் எப்படி அளப்பீர்கள்? கண்ணாலேயா?

நல்ல கேள்வி. மேனுவல் ஆப்பிலேயே அளக்கலாம். ஐஎஸ்ஓவை மாற்றாமல், முகத்தின் வெளிச்சப் பக்கம் பிரேமை நிறைக்கும்படி அருகில் போய், எக்ஸ்போஷர் மீட்டர் நடுவில் நிற்கும்வரை ஷட்டரை மாற்றுங்கள். 1/400 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து இருண்ட பக்கம், அங்கே 1/50. 400, 200, 100, 50 என்று மூன்று ஸ்டாப் வித்தியாசம், அதாவது 8க்கு 1. அளந்ததும் ஷட்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

எடிட்மேசை: அக்கா சொல்வது சரி, ஆனால் ஒரு ஆபத்து இருக்கு. போன் எடுப்பது பெரும்பாலும் 8 பிட், அதில் வெளிச்சப் படிகள் குறைவு. ஒரு ஸ்டாப் ஏற்றினால் பிரேமுக்குள் இருக்கிற விளக்கும் டார்ச்சும் வெளுத்துப் போகும். வெளுத்ததை இறக்கினால் சாம்பல்தான் கிடைக்கும்.

இதை ஒப்புக்கொள்கிறேன். பிரேமில் விளக்கு தெரிந்தால் அந்த விளக்கைத்தான் குறைக்க வேண்டும், எக்ஸ்போஷரை இல்லை. குறைந்த வாட் பல்பு போடுங்கள், அல்லது கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் ஷேடுக்குள் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு ஒட்டுங்கள். எல்இடி பல்புக்கு மட்டும்தான் இது, சூடேறும் பல்பில் காகிதம் பற்றிக்கொள்ளும்.

மூன்றாமாண்டு: வெளிச்சமா எடுத்தா செட்ல எல்லாரும் “இது பேய்ப்படமா?”ன்னு சிரிக்கிறாங்க அக்கா.

ஒரு ஸ்டில் எடுத்து அங்கேயே இறக்கிக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்வார்கள். முடிந்த படத்தைப் பாதி பிரைட்னஸில் உள்ள ஒரு போனிலும் பாருங்கள். நிறையப் பேர் அப்படித்தான் பார்க்கப்போகிறார்கள். அதில் பேய் தெரியவில்லையென்றால் அவர்களைப் பொறுத்தவரை படத்தில் பேயே இல்லை.

நிழல்விரும்பி: சரி, இரண்டு மாதிரியும் எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாருங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம், ஒலி பற்றி இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

காதுகொடுத்தவள்: நான் கேட்கிறேன். வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. பயமுறுத்தும் சத்தம் போனில் கேட்கவே இல்லை.

படம் எடுக்கும் போனிலேயே வசனத்தையும் பதிகிறீர்கள், அது மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறது. இன்னொரு போனை ரெக்கார்டராக்கி, காலர் மைக் இருந்தால் அதில் செருகி, வாயிலிருந்து 50 சென்டிமீட்டருக்குள் பிரேமுக்கு வெளியே வையுங்கள். ரெக்கார்டர் மீட்டரில் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். இரண்டு போனுக்கும் கேட்கும்படி, காட்சிக்கும் தெரியும்படி ஒரு கைதட்டல் போட்டால் எடிட்டில் சேர்ப்பது சுலபம். சேர்த்த பிறகும் உதடு விலகிக்கொண்டே போனால், போன் மாறும் பிரேம் வேகத்தில் பதிந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் சீரான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் பண்ணுங்கள். கிணற்றுச் சத்தம் வெறும் சுவரின் எதிரொலி. கேமராவுக்குப் பின்னால் கனமான போர்வைகள் தொங்கவிடுங்கள். நடிகரைச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள், இந்த முறை காதுக்காகச் சொல்கிறேன்.

மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், போகும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தம், எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, பிறகு எடிட்டில் வசனத்துக்கு வசனம் பின்னணி வெட்டி வெட்டித் தெரிகிறதென்று வருகிறார்கள்.

பயச் சத்தத்துக்கு லைப்ரரி தேடி அலைய வேண்டாம். மர ஸ்டூலைத் தரையில் இழுத்துப் பதிந்து வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி ஓர் ஆக்டேவ் இறங்கும், நீளம் இரட்டிக்கும், ஸ்டூல் என்று யாருக்கும் தெரியாது. போனில் கேட்காததற்குக் காரணம், உங்கள் உறுமல் 40, 50 ஹெர்ட்ஸில் கிடக்கிறது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. அதே சத்தத்தின் இன்னொரு நகலைச் சுருதி ஏற்றி 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் வரும்படி மேலே அடுக்குங்கள்.

கடைசிபெஞ்ச்: திடீர்னு பயமுறுத்தற ஜம்ப் ஸ்கேர்ல யாரும் பயப்படலை. சத்தத்தைக் கூட்டியாச்சு.

சத்தத்தைக் கூட்டாதீர்கள், அதற்கு முன்னால் இருப்பதைக் குறையுங்கள். பேய் வருவதற்கு இரண்டு விநாடி முன் இசையையும் பூச்சிச் சத்தத்தையும் எடுத்துவிட்டு ரூம் டோனை மட்டும் விடுங்கள். முழுப் பூஜ்யம் வைத்தால் ஃபைல் கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள். பார்ப்பவரின் கண்ணை முதலில் ஒரு பக்கம் இழுத்து, அங்கே ஒன்றுமில்லை என்று காட்டி, அவர் மூச்சுவிடும் நேரத்தில் மறுபக்கம். 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் அந்த இடத்தில் பேயும் இல்லை, மிருகமும் இல்லை. சீறிக்கொண்டு பிரேமுக்குள் நுழைந்தது ஒரு பஸ். தயாரிப்பாளர் பெயரில் இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்றே அந்த உத்தியைச் சொல்கிறார்கள். பேய் முகம் திரையில் 15 முதல் 20 பிரேம் போதும். ஒரு விநாடிக்கு மேல் போனால் மேக்கப்பைத்தான் பார்ப்பார்கள்.

விளக்கை வெட்டி வெட்டி எரியவிடுவதாக இருந்தால் விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள், படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கையும் போடுங்கள். சிலருக்கு அதனால் வலிப்பு வரும்.

வெண்விழி: பேய்க்கு வெள்ளை கான்டாக்ட் லென்ஸ் ஆன்லைனில் வாங்கினோம். மூணு பேர் மாத்தி மாத்திப் போடலாமா?

கூடாது. ஒருவர்கூட, கண் மருத்துவர் பார்த்து அளவு சொல்லாமல் போடக்கூடாது. புண்ணாகிப் பார்வையே போகலாம். கண்ணை நிழலில் வையுங்கள். விளக்கைத் தலைக்கு நேர் மேலே கொண்டுபோனால் கண் இருக்கும் இடம் இரண்டு கறுப்புக் குழியாகும், வெள்ளை லென்ஸைவிட அது பயங்கரமாக இருக்கும்.

பனிமூட்டம்: மூடிய அறையில் டிரை ஐஸ் போடலாமா?

கூடாது. அதிலிருந்து வருவது கார்பன் டை ஆக்ஸைடு. காற்றைவிடக் கனமாகையால் தரையில் தேங்கும், உங்கள் பிணமாக நடிப்பவரும் தரையில்தான் படுத்திருப்பார். மைனஸ் 78 டிகிரி, வெறும் கையில் தொட்டாலும் புண். ஃபாக் மெஷின் வாடகைக்கு எடுங்கள். புகை பேக்லைட்டில்தான் தெரியும், முன்விளக்கில் படம் வெறுமனே மங்கும்.

புதுவரவு: நல்ல கேமரா மாடல் சொல்ல முடியுமா சார்?

மூன்றாவது ஆள். சாரும் இல்லை, மாடலும் இல்லை. முதல் பதில்.

கதைசொல்லி: கடைசியில் எல்லாம் கனவு என்று முடிக்கலாமா?

கதை என் பக்கம் இல்லை. ஆனாலும், வேண்டாம்.

தூக்கமில்லாதவன்: இரவு மட்டும்தான் எடுக்கணுமா? ரெண்டு நாள்தான் வீடு கிடைக்குது.

வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காட்சியைப் பகலில் எடுங்கள். சன்னல்களை வெளிப்பக்கம் கறுப்புத் துணியால் மூடி, துணிக்கும் சன்னலுக்கும் இடையே விளக்கு வைக்க இடம் விடுங்கள், நிலா வெளிச்சம் தயார். வெளிப்புறக் காட்சியைச் சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது நிமிடத்தில், ஒத்திகை பார்த்து வைத்து அடியுங்கள். நாளுக்குப் பதினைந்து செட்டப்புக்கு (கேமராவும் விளக்கும் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு செட்டப்) மேல் திட்டமிடாதீர்கள். கதை வரிசையில் போகாமல், ஒரு சுவரைப் பார்க்கும் ஷாட் அத்தனையும் முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள். விளக்கு மாற்றும் நேரம்தான் உங்கள் நாளைத் தின்னும். கத்தி வரும் காட்சியில் நிஜக் கத்தி வேண்டாம், அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டினாலே போதும். தூக்கு மாட்டும் காட்சியில் கழுத்தில் கயிறே வேண்டாம், நிழலைக் காட்டுங்கள்.

நிழல்விரும்பி: எடுத்துப் பார்த்தேன். முகம் நீங்கள் சொன்ன மாதிரி வந்தது, புள்ளியும் குறைந்தது. ஆனால் டார்ச் பிடித்து வரும் ஷாட்டில் ஒளியின் நடுப்பகுதி சாம்பல் வட்டமாகிவிட்டது. எடிட்மேசை சொன்னதுதான் நடந்தது.

அந்த ஷாட்டில் மட்டும் ஒரு ஸ்டாப் கூடுதல் வேண்டாம், இறுதி அளவிலேயே எடுங்கள். டார்ச் முகப்பில் பட்டர் பேப்பர் ஒரு மடிப்பு ஒட்டி, டார்ச்சை லென்ஸுக்கு நேராகத் திருப்பாமல் ஒரு கை அகலம் விலக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் டார்ச் பிடிப்பவர் எங்கே நிற்கிறார்? சுவரை ஒட்டித்தானே?