டார்க் ரெஞ்ச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே வீல் கழற்றுகிறேன், ஆயில் மாற்றுகிறேன். எந்த டார்க் ரெஞ்ச் வாங்கலாம் சார்?

டார்க் ரெஞ்ச் என்பது நட்டை, போல்ட்டை நாம் வைத்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்; அந்த இறுக்கும் விசையின் அளவுதான் நியூட்டன் மீட்டர். வீல் நட்டுக்கு என்றால் அரை இன்ச் டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனை), சுமார் 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை போகும் கிளிக் வகை, அதாவது வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் வகை, போதும். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டா சிட்டிக்கு 108. உங்கள் காருக்கு எவ்வளவு என்று ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள்.

ஆனால் அதே ரெஞ்சை வைத்து ஸ்பார்க் பிளக் மாட்டாதீர்கள். உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கிளிக் ரெஞ்சை நம்ப முடியாது. பிளக்குக்கும் ஆயில் டிரெயின் போல்ட்டுக்கும் 3/8 இன்ச்சில் சின்னதாக ஒன்று வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சின்னதையே வாங்கச் சொல்வேன். காரோடு வரும் வீல் ஸ்பேனரைக் கையால் அழுத்தினால், ஏறி மிதிக்காதவரை, ஓரளவு அளவை ஒட்டி வந்துவிடும். சின்ன போல்ட்டில் அந்தக் கணக்கு கைக்குத் தெரியாது. "எதற்கும் இன்னொரு இழுப்பு" என்று இழுப்போமே, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் அலுமினிய ஆயில் பேனில் மரை போவது அந்த இழுப்பில்தான்.

கைப்பிடியில் 98, அடுத்து 112 என்று இருக்கிறது. 103 எங்கே?

பல ரெஞ்சுகளில் கோடுகள் 14 வித்தியாசத்தில்தான் இருக்கும். கைப்பிடியின் விளிம்பை 98 கோட்டில் நிறுத்துங்கள். அப்போது கைப்பிடி விளிம்பில் எண்கள் உள்ள வளையத்தில் 0 நேராக நிற்கும். அங்கிருந்து வளையம் 5 காட்டும்வரை திருகினால் 103. அப்புறம் அடிமுனையில் உள்ள லாக்கை இறுக்க மறக்காதீர்கள். மறுபக்கம் ஃபுட் பவுண்டு அளவு இருக்கும், அதில் 103 வைத்துவிட்டால் கிட்டத்தட்ட 140 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். மெக்கானிக் "பத்து கிலோ" (கிலோகிராம் மீட்டர்) என்றால் 98 நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து ரெஞ்ச் போட்டதும் கிளிக் வந்தது. அப்போ சரிதானே?

சரி என்று சொல்ல முடியாது. 100க்கு வைத்த ரெஞ்ச், 200இல் இறுகிய நட்டிலும் கிளிக் என்றுதான் சொல்லும். குறைவாக இல்லை என்பது மட்டுமே தெரிகிறது. வண்டி தரையில் நிற்கும்போதே, ஒரு நேரத்தில் ஒரு நட்டை மட்டும் வீல் ஸ்பேனரால் தளர்த்தி, ரெஞ்சால் திரும்ப இறுக்குங்கள். ஒன்று முடிந்ததும் பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போங்கள். நட் நகர்ந்துகொண்டிருக்கும்போதே, வெடுக்கென்று இழுக்காமல், நிதானமாக இழுத்து கிளிக் வர வேண்டும். வந்ததும் விட்டுவிடுங்கள். உறுதிக்காக இன்னும் இரண்டு கிளிக் கேட்பது பலருக்கும் பழக்கம்; அது இறுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும்.

துருப்பிடிக்காமல் இருக்க ஸ்டட்டில் (வீல் நட் ஏறும் மரைக் கம்பி) கிரீஸ் தடவலாமா?

மேனுவல் சொன்னால் ஒழிய வேண்டாம். நாம் கொடுக்கும் திருகலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. நட்டின் முகத்தில் பாதி, மரையில் மீதி. வீலைப் பிடித்து நிறுத்துவது மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்குதான். கிரீஸ் வைத்தால் உராய்வு குறையும், அதே 103இல் ஸ்டட் மிக அதிகமாக இழுபடும். ரெஞ்சுக்கு அது தெரியாது. கம்பி பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டினால் போதும்.

கைப்பிடியில் பைப் மாட்டி இழுக்கலாமா?

கூடாது, அளவு மாறும். கைப்பிடியின் நடுவில் பிடித்தால்தான் கணக்கு சரிவரும். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவே நேரான எக்ஸ்டென்ஷன் ராடு போடுவதில் தப்பில்லை.

வேலை முடிந்ததும் எப்படி வைப்பது?

ஸ்பிரிங் தளர, குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள். அதற்கும் கீழே இறக்காதீர்கள். நட் கழற்ற இதைப் பயன்படுத்தவே வேண்டாம். வருடம் ஒருமுறை அல்லது 5,000 கிளிக்குக்கு ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும் என்பது பொது வழக்கம். வீட்டு உபயோகத்தில் 5,000 எங்கே வரப்போகிறது! ஆனால் சிமென்ட் தரையில் ஒருமுறை கீழே விழுந்துவிட்டால் வருடக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கேலிப்ரேஷனுக்குக் கொடுங்கள்.