அம்மாவின் புயத்தில் கண்டல்: முதலில் எங்கே போவது?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். 78 வயது அம்மா மட்டக்களப்பு நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய். போன ஞாயிறு பார்த்தபோது இரண்டு புயமும் கன்றியிருந்தன, இடது மணிக்கட்டு வீக்கம். "பாத்ரூமில வழுக்கினவ" என்றார் பொறுப்பாளர். பராமரிக்கும் பிள்ளையோ "கட்டிலால விழுந்தவ" என்கிறாள். பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கும் கண்ணடியில் நீலம். தட்டிக்கேட்டால் அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களென்று வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் பயப்படுகிறார்.

பதில்: சகோதரி, பொறுப்பாளரோடு வாக்குவாதம் இப்போது வேண்டாம். அம்மாவை இன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கண்டல் ஒன்றிரண்டு கிழமையில் மறைந்துவிடும். "யாராவது காயப்படுத்தியிருக்கலாமென்று சந்தேகம்" என்று அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்ட மருத்துவப் பரிசோதனைக்கான படிவத்தைப் பொலிஸ் தரும். சட்ட வைத்திய அதிகாரி ஒவ்வொரு காயத்தின் இடம், அளவு, நிறத்தைப் பதிவு செய்வார். நீங்கள் தொலைபேசியில் எடுக்கும் படம் நல்லதுதான், ஆனால் நீதவான் முன் நிற்பது அந்த அறிக்கை.

விழுகிறவருக்குப் பெரும்பாலும் முழங்கை, முழங்கால், நெற்றியில் அடிபடும். இரண்டு புயத்தின் உட்பக்கமும் விரல் பதிந்ததுபோலக் கன்றியிருந்தால் இறுக்கிப் பிடித்தார்களா என்று கேட்க இடமுண்டு. அதற்காக அவசரப்பட்டு யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம். அஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குத் தூக்கி இருத்தினாலே கன்றும். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவை 311 ஆம் பிரிவின்படி அது கடுங்காயம். வேண்டுமென்று செய்தது 316 இல் வரும். ஒருவரும் அடிக்கவில்லை, கவனிக்காமல் விட்டதால் வந்தது என்றாலும் 329 ஆம் பிரிவைப் பார்க்கலாம். ஆகவே "விழுந்தவ" என்ற பதிலோடு விசாரணை முடியாது. விழும்போது கூட யார் நின்றார், எப்போது வைத்தியரிடம் காட்டினார்கள், உங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று பொலிஸ் கேட்க வேண்டும். இரண்டு பேர் சொன்ன இரண்டு கதையையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே, திகதியோடு எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. (அம்பாறைப் பக்க வாசகர்களே, வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.) முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள். பொலிஸ் ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போகலாம்.

அடுத்தது பிரதேச செயலகம். அங்குள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். இல்லம் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்றும் கேளுங்கள். ஆச்சியின் காயத்தையும் அதில் சேர்த்து எழுதுங்கள். ஒருவருக்கென்றால் விபத்து என்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேருக்கு என்றால் இல்லத்தையே பார்க்க வேண்டிவரும்.

அண்ணனுக்கு: முறைப்பாடு செய்ததற்காக மிரட்டுவதும் பழிவாங்குவதும் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அதை நம்பி அம்மாவை அங்கேயே விட்டுவைக்க நான் சொல்லமாட்டேன். வேறு இடம் பாருங்கள். இடம் மாற்றினால் வழக்கு விழுந்துவிடாது. நட்டஈடு கேட்பதென்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் மட்டக்களப்பு சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமான விபரத்தோடு விண்ணப்பியுங்கள்.