வெறும் கதைக்குப் போய் இவ்வளவு கோபமா?

கேள்வி: வேலைக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறேன். போன வாரம் படித்த சஸ்பென்ஸ் நாவலில், கதை சொல்கிறவளே கூடப்பிறந்த அக்காவின் போனைத் திருட்டுத்தனமாக நோண்டுகிறாள், பழியை வீட்டு வேலைக்கு வரும் பெண் மேல் போடுகிறாள். காட்பாடி தாண்டி அரக்கோணம் வருவதற்குள் எனக்கு உடம்பே எரிந்தது, மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன். மகள் சிரிக்கிறாள். எனக்குத்தான் ஏதாவது கோளாறா? மிச்சத்தைப் படிக்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கோளாறெல்லாம் இல்லை அம்மா. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துகிலுரிதல் ராத்திரி பார்த்திருப்பீர்கள். துச்சாதனன் வேஷம் கட்டினவரே ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சேலையில் கை வைப்பார். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கூத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, வெற்றிலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாசமாப் போறவனே, உன் கை வெளங்காமப் போவ!" என்று மேடைக்கே கேட்கும்படி கத்தினார். அதே பாட்டிதான் துரியோதனன் சாவை நடித்துக்காட்டும் படுகளத்தன்று, மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் பக்கத்தில் காந்தாரி வேஷக்காரர் ஒப்பாரி வைத்தபோது முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார். கௌரவர்கள் செய்ததை அவர் மன்னிக்கவில்லை, ஆனால் துரியோதனனுக்கும் ஒரு தாய் இருந்தது அன்றைக்குக் கண்ணில் பட்டுவிட்டது.

நாவலில் இது இன்னும் கடுமை. கூத்தில் துச்சாதனன் எதிரே நிற்கிறான், நாம் தள்ளி உட்கார்ந்து வையலாம். இங்கே அவள் "நான், நான்" என்று நம் காதுக்குள்ளேயே பேசுகிறாள், அக்காவின் போனை அவள் திறக்கும்போது கூடவே நாமும் எட்டிப் பார்த்துவிட்டோம், மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஒரு நொடி நினைத்தும்விட்டோம். எரிச்சலில் பாதி அதற்குத்தான். அமெரிக்க நாவலாசிரியை பாட்ரிசியா ஹைஸ்மித் 1955-இல் படைத்த ரிப்ளே என்ற பாத்திரம் ஒரு கொலைகாரன், வாயைத் திறந்தால் பொய், ஆனாலும் போலீஸ் அவனைத் தேடி வரும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அவனை வைத்தே 1991 வரை ஐந்து நாவல் எழுதினார்!

சரி, மிச்சத்தைப் படிக்கலாமா? கோபம் அவள் மேலா, எழுதினவர் மேலா என்று மட்டும் பாருங்கள். கதை நகர வேண்டும் என்பதற்காக எல்லோரையும் முட்டாளாக நடக்க வைத்திருந்தால், பழி சுமக்க மட்டும் அந்த வேலைக்காரப் பெண்ணைக் கொண்டுவந்து அப்புறம் மறந்தேபோயிருந்தால், தாராளமாக மூடிவையுங்கள், எனக்கும் அப்படிப்பட்ட நாவல்கள் பிடிப்பதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மனசு அந்தப் பெண் பக்கம்தான் நிற்கிறது. அவளுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளவாவது படியுங்கள். ராத்திரி படுக்கும் நேரத்தில் வேண்டாம், தூக்கம் போய்விடும், காலை ரயிலிலேயே முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.