தையல் பக்கம்: தோளில காவுற தறப்பாள்

கேள்வி (முள்ளியவளையிலயிருந்து ஒரு தம்பி): அக்கா, வாற வருசம் எங்கட அம்மா வற்றாப்பளையில பாதயாத்திரைக் கூட்டத்தோட சேந்து கதிர்காமம் மட்டும் நடக்கப்போறன் எண்டு நிக்கிறா. வீட்டில கிடக்கிற தறப்பாள் சரியான பாரம். பரசூட் துணியில பாரமில்லாமத் தைக்கலாம் எண்டு சொல்லுகினம். எங்களிட்ட பழைய கால்மெசின் ஒண்டு இருக்கு, மனிசி சட்டை தைப்பா. எவ்வளவு துணி வேண்டோணும், எப்பிடி வெட்டித் தைக்கிறது?

பதில்: தம்பி, அம்மாவை நினைச்சுக் கேட்டிருக்கிறீங்கள், வடிவாச் சொல்லுறன். முகாமில எங்களுக்குத் தந்த யூஎன்எச்சிஆர் (ஐநா அகதிகள் அமைப்பு) தறப்பாள் 4 மீற்றருக்கு 5 மீற்றர், சதுர மீற்றருக்கு 200 கிறாம் அளவில வரும், முழுத் தறப்பாள் 4 கிலோ. அது குடும்பம் மாதக்கணக்கில இருக்கத் தந்தது, அதுக்கு அந்தப் பாரம் வேணும். அம்மாவுக்குத் தேவை 3 மீற்றருக்கு 3 மீற்றர். ரிப்ஸ்டொப் நைலோன் எண்டு கேளுங்கோ, கட்டம் கட்டமாத் தடிச்ச இழை ஓடியிருக்கும், ஒரு இடம் கிழிஞ்சால் அந்தக் கட்டத்தில நிக்கும். சிலிக்கன் பூசினது எண்டால் சதுர மீற்றருக்கு 45, 50 கிறாம், ஆக முழுசும் அரைக் கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். துணி அகலம் ஒண்டரை மீற்றர் இருக்கும், அப்ப 3 மீற்றர் நீளத்தில ரெண்டு துண்டு, 6 மீற்றர், கூட அரை மீற்றர் வேண்டுங்கோ, மூலைக்கு ஒட்டுப் போடவும் மனிசி தைச்சுப் பழகவும் அது தேவைப்படும்.

வெட்டுறதுதான் பொறுமையான வேலை. உந்தத் துணி மீன் மாதிரி வழுக்கும். சீமெந்து நிலத்தைக் கூட்டித் துடைச்சு, ஃபானை நிப்பாட்டிப்போட்டு விரிச்சு, ஓரத்தில பருப்புப் பைக்கற்று, கல்லு, என்ன கிடக்கோ அதைப் பாரம் வையுங்கோ. துணியை இழுத்துப் பிடிச்சு அளக்கவேண்டாம், இழுத்து அளந்தால் விட்டவுடன சுருங்கி அளவு பிழைக்கும். கடும் நிறத் துணியில காய்ஞ்ச சவர்க்காரத் துண்டால கோடு கீறலாம். கரைப்பட்டியில பூச்சு ஒழுங்கா இருக்காது, அதில ஒரு சென்ரிமீற்றர் வெட்டி எறியுங்கோ. வெட்டின விளிம்பு இழை பிரியும், மெழுகுதிரிச் சுவாலைக்குக் கிட்டவாக் கொண்டுபோனால் உருகி ஒட்டிக்கொள்ளும், ஆனா உருகின நைலோன் தோலில பட்டால் ஒட்டிப்பிடிச்சுச் சுடும், பிள்ளைகளைப் பக்கத்தில விடாதேங்கோ.

இப்ப முக்கியமான கதை. துணி ஒழுகாது தம்பி, நாங்கள் ஊசியால போடுற ஓட்டைதான் ஒழுகும். நான் முதன்முதல் எங்கட அண்ணைக்கு, காலபோக வயல் காவலுக்கெண்டு ஒண்டு தைச்சனான். சட்டைக்குக் குத்துற பழக்கத்தில துணி நடுவெல்லாம் குண்டூசி குத்திப் பிடிச்சிட்டன். தைச்சு முடிச்சு வெயிலில தூக்கிப் பிடிச்சால் குத்தின இடமெல்லாம் வெளிச்சப் புள்ளி. மார்கழி மழையில அண்ணை விடிய விடிய நனைஞ்சுபோட்டு வந்தவர், எனக்கு இப்பவும் மனசு கேக்கிறேல்ல. அதால குண்டூசி வேண்டாம், உடுப்புக் காயப்போடுற கிளிப்பால பிடியுங்கோ, குத்தத்தான் வேணுமெண்டால் தையலுக்குள்ள மறையிற விளிம்பில மட்டும்.

ஊசி 11ம் நம்பர், புதுசு. நூல் பொலியெஸ்டர், பருத்தி நூல் ஈரத்தில உக்கிப்போகும். தையல் ஒண்டு 3 மில்லிமீற்றர் அளவில இருக்கட்டும், நெருக்கித் தைச்சால் உறுதி எண்டு நினைக்கிறது பிழை, நெருங்க நெருங்க முத்திரை கிழிக்கிற மாதிரித் துளைவரிசைதான் விழும். தொடங்கேக்க மெசின் துணியை ஊசித்துளைக்குள்ள இழுக்கும், ரெண்டு நூல் நுனியையும் பின்னுக்குப் பிடிச்சுக்கொண்டு மெதுவா மிதிச்சால் போகும், இதுக்குக் கால்மெசின்தான் கரண்ட் மெசினை விட நல்லது.

ரெண்டு துண்டையும் பொருத்துறது ஜீன்ஸ் காலில கிடக்கிற தையல் மாதிரி. நல்ல பக்கம் ரெண்டையும் முகத்துக்கு முகம் வைச்சு, கீழ்த்துண்டு அரை அங்குலம் வெளிய நிக்க ஒரு தையல், நீட்டி நிக்கிறதால மற்ற விளிம்பை மூடி மடிச்சு, பேந்து அந்த மடிப்பைச் சாய்ச்சுப் படுக்கவைச்சு மேலால இன்னொரு தையல். இதுதான் முகடு. கயிறு இதுக்குக் கீழால ஓடும். சரிவில எப்பவாவது ஒட்டுத் துண்டு பொருத்தவேண்டி வந்தால் கிடுகு வேயுறதை நினையுங்கோ, மேல்துண்டு கீழ்த்துண்டுக்கு மேலால வரோணும், தண்ணி தையலுக்க போகாமல் வழிஞ்சு விழும். சுத்துவர விளிம்பை அரை அங்குலத்தில ரெண்டு மடிப்பு மடிச்சுத் தையுங்கோ.

கட்டுற இடம் எட்டுக் காணும், நாலு மூலை, நாலு பக்க நடு. சோளகம் இழுக்கேக்க கிழியிறது இதில. முதல் ஒரு ஒட்டுத்துணி, அதுக்கு மேல அரை அங்குலப் பட்டி நாடாவை வளையமா மடிச்சு வைச்சு, பெட்டி மாதிரிச் சுத்தித் தைச்சு நடுவில குறுக்க ரெண்டு. கயிறு கோக்கிற உலோகக் கண் வளையம் அடிக்க வேண்டாம், துணி மெல்லிசு, துளையிலயிருந்து கிழியும்.

கேள்வி (கிளிநொச்சியிலயிருந்து ஒரு தங்கச்சி): அக்கா, நான் மடுத் திருவிழாவுக்குப் போகேக்க கட்டவெண்டு ஒண்டு தைச்சு, தையலில சிலிக்கன் பூசினனான். காய்ஞ்ச பிறகு தோல் மாதிரி உரிஞ்சு வருது. ஏன்?

பதில்: உங்கட துணியில பூசியிருக்கிறது சிலிக்கன் இல்ல தங்கச்சி, பொலியூரத்தேன், பியூ எண்டு சொல்லுறது. சிலிக்கன் சிலிக்கனிலதான் ஒட்டும். பியூ துணியில ஒரு பக்கம் இறப்பர் மாதிரி இருக்கும், அந்தப் பக்கத்துக்கு பியூ தையல் பசைதான் வேணும். சிலிக்கன் துணி வைச்சிருக்கிறாக்கள், ஹாட்வெயார் கடையில தனிச் சிலிக்கன் ரியூப் வேண்டி (அக்ரிலிக் கலந்தது வேண்டாம்) மினரல் ரேப்பன்டைனில கரைச்சுப் பாணிப் பதத்தில தையலுக்கு மேல பூசலாம். வெளிவாசலில, அடுப்புக்கு எட்டத்தில வைச்சுச் செய்யுங்கோ. ஒருநாள் காயவிட்டு, முகப்பவுடர் தூவிவிட்டால் மடிக்கேக்க ஒட்டாது. எதைப் பூசுறதெண்டாலும் முதல் மிச்சத் துண்டில ஒரு பொட்டு வைச்சு, அடுத்த நாள் நகத்தால கிண்டிப் பாருங்கோ.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): பொழுதுபட விறைப்பாக் கட்டினாலும் விடிய நடுவில தொய்ஞ்சு தண்ணி நிக்குது. தையல் பிழையோ?

பதில்: தையல் பிழையில்ல. நைலோன் ஈரத்தை உறிஞ்சி நீளும், பனி பெஞ்சாலே தொய்யும். படுக்கப்போக முதல் ஒருக்கா கயிறுகளை இழுத்துக் கட்டுங்கோ, ஒரு பக்கம் கூடச் சரிச்சுக் கட்டினால் தண்ணி தங்காது. பொலியெஸ்டர் துணி இவ்வளவு நீளாது, அடுத்த தரம் அதை வேண்டுங்கோ. விடிய ஈரத்தோட சுருட்டினால் மத்தியானம் நிக்கிற இடத்தில விரிச்சுக் காயவிடோணும்.