ரூபாயில் புகையை அளப்பது

அன்புள்ள ஐயா,

சென்னையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீடித்த விநியோகச் சங்கிலி மேலாண்மை என் விருப்பப் பாடம். அம்பத்தூரில் போல்ட், நட்டு செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் ப்ராஜெக்ட். அவர்களுடைய ஸ்கோப் 3 உமிழ்வை, அதாவது சப்ளையர், லாரி என்று கம்பெனிக்கு வெளியே அவர்களுக்காக எழும் கரியமில வாயுவை, கணக்கிட வேண்டும். நாற்பது சப்ளையர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினேன், மூன்று பேர்தான் பதில் தந்தார்கள். அதனால் டேலியில் இருந்த பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எடுத்து, ரூபாய்க்கு இவ்வளவு கார்பன் என்ற காரணியால் பெருக்கி முடித்துவிட்டேன். நான் தமிழ்வழியில் படித்தவள். வேலைக்கு எந்தச் சான்றிதழ் படிப்பு உதவும்? வெளிநாட்டு மேற்படிப்பு அவசியமா?

க., கொரட்டூர்

அன்புள்ள க.,

வெளிநாட்டை இப்போதைக்கு விடுங்கள். சான்றிதழா? கையில் பணம் இருந்தால் ஏதாவது ஒன்று, இல்லையென்றால் குடி முழுகிவிடாது. "பெருக்கி முடித்துவிட்டேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். மாணவர் ப்ராஜெக்ட் மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு எழுதும் கன்சல்டன்ட் அறிக்கைகளும் இப்போது இந்த லட்சணத்தில்தான் வருகின்றன.

ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கோவைக்கு 500 கிலோமீட்டர், 10 டன் சரக்கு, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 125 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு. ஆக 335 கிலோ. 10 டன்னை 500 கிலோமீட்டரால் பெருக்கினால் 5,000 டன்-கிலோமீட்டர்; அதால் வகுத்தால், ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 67 கிராம். அதே லாரி காலியாகத் திரும்பினால் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தாலும் இன்னும் 100 லிட்டர், 268 கிலோ. சுமந்தது அதே 5,000 டன்-கிலோமீட்டர்தான். இப்போது கணக்கு 120 கிராமைத் தாண்டிவிட்டது. ரிட்டர்ன் லோடு கிடைத்ததா இல்லையா என்ற ஒரே கேள்வி, உமிழ்வைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது.

இதை உங்கள் முறையில் போடுங்கள். வாடகை ரூ.30,000. தீபாவளி நெருக்கடியில் லாரி கிடைக்காமல் ரூ.36,000 கொடுத்தார்கள். உங்கள் எக்செல்லில் உமிழ்வு 20 சதவீதம் ஏறிவிடும். லாரி அதே லாரி, டீசல் அதே டீசல். டாக்டர் ஃபீஸை வைத்துக் காய்ச்சலை அளப்பது போன்ற வேலை இது. இதைவிட மோசம், கூடுதல் விலை வாங்கிக்கொண்டு சுத்தமாகத் தயாரிக்கும் சப்ளையர் உங்கள் பட்டியலில் பெரும் குற்றவாளியாகத் தெரிவார். மலிவாக விற்று ஊரைக் கெடுப்பவர் உத்தமர் ஆகிவிடுவார். அப்படி ஓர் அறிக்கையை நம்பி முதலாளி சப்ளையரை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

நாற்பது பேருக்கு ஃபார்ம் அனுப்பியதும் சோம்பேறித்தனம்தான். ஃபார்மை நிரப்ப அம்பத்தூர் எஸ்டேட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? நாற்பது பேரும் தேவையில்லை. வாங்கிய பொருட்களை விலையால் அல்லாமல் எடையால் வரிசைப்படுத்துங்கள். போல்ட் கம்பெனியில் முதலிடம் எஃகுக் கம்பிக்குத்தான் இருக்கும். அதை விற்பவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். பெரிய உமிழ்வு அங்கேதான். மேலே போட்ட லாரிக் கணக்கு, காலியாகத் திரும்பியதையும் சேர்த்து, டன்னுக்கு 60 கிலோ. நிலக்கரி போட்டு ஊதுலையில் எடுத்த எஃகோ டன்னுக்கு 2,000 கிலோவுக்கு மேல்.

எந்த ஆலை எஃகு என்று எப்படித் தெரியும்? கம்பிச் சுருளோடு மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் வரும், அதில் எந்த உருக்கில் வந்த எஃகு என்று சொல்லும் ஹீட் நம்பர் இருக்கும். குவாலிட்டி பிரிவில் ஃபைல் போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஆலைக்குப் போகலாம். மின் உலை என்று கண்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். பழைய இரும்பை உருக்கியிருந்தால் உமிழ்வு நன்றாகக் குறையும். நிலக்கரியில் எடுத்த ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே எடுத்த இரும்பு) போட்டிருந்தால் ஊதுலையை மிஞ்சவும் கூடும். இன்னொன்று, உள்ளே வந்த கம்பியின் எடையைப் போடுங்கள், வெளியே போன போல்ட்டின் எடையை அல்ல. ஸ்கிராப்பாகப் போனதற்கும் புகை வந்திருக்கிறது.

ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரிப் பட்டியலில் போல்ட்டும் நட்டும் இருக்கின்றன. 2026 ஜனவரி 1 முதல் அது கட்டண நிலைக்கு வந்துவிட்டது. அங்கே ஏற்றுமதி செய்தால் வாங்குபவர் ஒரு டன் போல்ட்டுக்கு எத்தனை டன் கார்பன் என்றுதான் கேட்பார். உங்கள் ரூபாய்க் கணக்கை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

அடுத்து ஜாப் ஒர்க், அதாவது கூலி கொடுத்து வெளியே செய்துவாங்கும் வேலை. பிளேட்டிங்குக்கும் (மின்சாரத்தால் உலோகப் பூச்சு) ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் சரக்கு டெலிவரி சலானில் போய்வரும்; பில்லில் கூலி மட்டும்தான் இருக்கும். பொருளின் முழு விலைக்கென்று போட்ட காரணியால் கூலியைப் பெருக்கினால் வருவது எதற்கும் ஒவ்வாத எண். சலானில் கிலோ இருக்கிறது. பிளேட்டிங் கடைக்காரரிடம் ஒரு மாத ஈ.பி. பில்லைக் கேளுங்கள், அந்த மாதம் மொத்தம் எத்தனை கிலோ போட்டார் என்றும் கேளுங்கள். கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஜெனரேட்டர் டீசலை மறக்காதீர்கள். சின்ன போல்ட்டுக்குக் கிலோவுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் மின்சாரமும் அதிகம் பிடிக்கும். ஒரே சராசரியைப் போட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போகும்.

போக்குவரத்துக்கு, சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லில் வண்டி எண்ணும் தூரமும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கீழான சரக்குக்கு அது கட்டாயமில்லை என்பதால் சில்லறை லோடுகள் விட்டுப்போகும். அவற்றுக்கு லாரி ரசீதும் எடைமேடைச் சீட்டும்தான் கதி. காலியாகத் திரும்பியது எந்தக் காகிதத்திலும் இராது. அதை டிரைவரிடம்தான் கேட்க வேண்டும்.

தமிழ்வழி என்று தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அம்மா. ஸ்டோர்ஸ்காரர், லாரி ஆபீஸ் கிளார்க், பிளேட்டிங் முதலாளி, டிரைவர். இவர்களில் யாரிடம் ஆங்கிலத்தில் பேசப்போகிறீர்கள்? உங்கள் வகுப்பில் பாதிப் பேர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வராததால்தான் ரூபாயைப் பெருக்குகிறார்கள். நீங்களும் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

வைவாவில் கைடு மடக்கலாம். ஸ்கோப் 3-க்கான 2011ஆம் ஆண்டுத் தரநிலையே செலவுவழிக் கணக்கை அனுமதிக்கிறது என்பார். உண்மைதான். ஸ்டேஷனரி, ஹவுஸ்கீப்பிங், ஆடிட்டர் ஃபீஸ் ஆகியவற்றுக்கு அதையே போடுங்கள், தப்பில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அளந்ததா, கணக்கிட்டதா, உத்தேசமா என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். எஃகுக்கு நேரே மட்டும் உத்தேசம் என்று இருக்கக் கூடாது.