வாசகர் கேள்வி: டிஜிட்டல் இதழியலை எங்கிருந்து தொடங்குவது?

நாகர்கோவிலில் நாளிதழ் வேலையில் தொடங்கி, இப்போது இணையச் செய்தி ஆசிரியராக இருக்கும் நம் பத்தியாளர் இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் வருடம் படிக்கிறேன் அக்கா. பாடத்தில் 1950, 1972 என்று பழைய அமெரிக்க ஆய்வுகளாக வருகின்றன. கூகுள் ஷீட்ஸில் அட்டவணை போடுவது, டேட்டாராப்பரில் வரைபடம் போடுவது எல்லாம் நாங்களே யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். இரண்டும் ஒட்டவே இல்லை. வேலைக்குப் போனால் இந்தத் தியரி எதற்காவது ஆகுமா?
*– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்*

ஆகும் மக்களே. ஆனால் அதை அமெரிக்காவில் வைத்தே படித்தால் தேர்வுக்கு மட்டும்தான் ஆகும். ஒக்கிப் புயலில் வைத்துப் படித்துப் பார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. முதல் நாட்களின் செய்திகளில் என்ன வந்தது? சாய்ந்த மரம், முறிந்த மின்கம்பம், இருட்டில் கிடந்த நாகர்கோவில். எல்லாம் உண்மைதான். கேமரா போய்ச் சேர முடிந்த இடத்துச் சேதம் அது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களோ செல்போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வருவதற்கு முன்பே தொழிலுக்குப் போயிருந்தவர்கள். ‘காணவில்லை’ என்பதைப் படம் பிடிக்க முடியாதே! டிசம்பர் 7-ஆம் தேதி அந்தக் கிராமத்து மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, எந்தச் செய்தி அறையாலும் அதை ஒதுக்க முடியவில்லை.

இப்போது உன் பாடத்தை எடு. 1950-ல் டேவிட் மேனிங் ஒயிட், ஒரு சிறு நகரப் பத்திரிகை ஆசிரியரிடம், தந்தியில் வந்த செய்திகளில் எதை ஏன் தள்ளினார் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வாங்கினார். எந்தச் செய்தி உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்பதை வாசலில் நிற்கும் ஒருவர் முடிவு செய்கிறார் என்னும் வாயிற்காப்பாளர் கோட்பாட்டைச் செய்தித் துறைக்குக் கொண்டுவந்த ஆய்வு அது. 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரின் வாக்காளர்களிடம் ‘முக்கியமான பிரச்சினை எது’ என்று மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்தப் பதில்களையும் ஊடகங்கள் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசை. 1972-ல் அதை வெளியிட்டார்கள். அந்த இரண்டு ஆய்வும் கேட்கும் கேள்வியைத்தான் தூத்தூர்க் கரையில் நின்ற பெண்களும் கேட்டார்கள்: எங்கள் வீட்டு ஆளைக் காணவில்லை, அது ஏன் செய்தி ஆகவில்லை?

இன்றைக்கு வாசலில் துணை ஆசிரியர் மட்டும் நிற்கவில்லை. யூடியூபின் பரிந்துரையும் வாட்ஸ்அப் குழு அட்மினும் கூடவே நிற்கிறார்கள். நீ எழுதும் ஒவ்வொரு செய்தியிலும் யாருடைய குரல் இதுவரை உள்ளே வரவில்லை என்று பார்க்க அந்தப் பழைய ஆய்வுகள் கற்றுக்கொடுக்கும்.

கருவிக்கு வருவோம். யூடியூப் வீடியோவில் வரும் மாதிரித் தரவை வைத்து ஷீட்ஸ் படிக்காதே, மனதில் நிற்காது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறதே, அதை எடு. தேதி, நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று நான்கு நெடுவரிசை போட்டு ஒரு பருவம் முழுக்க நிரப்பிக்கொண்டு வா. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. ஐந்தாவது நெடுவரிசையில் முழு மட்டத்துக்கு இன்னும் எத்தனை அடி குறைகிறது என்று ஒரு ஃபார்முலா எழுது. அப்புறம் டேட்டாராப்பரில் ஒட்டினால் கோட்டுப்படம் தானாக வந்துவிடும். அதன் மேல் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த நாட்களைக் குறி.

இதற்கு மேல்தான் வேலையே தொடங்குகிறது. அணையில் தண்ணீர் இருந்த நாட்களில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போனதா? படம் அதைச் சொல்லாது. பஸ் ஏறிப் போய் விவசாயியிடம் கேட்க வேண்டும். எந்தக் கால்வாய் எந்த வருடம் தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவானது என்று நீர்வளத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். ‘கால்வாய்களைப் பற்றிய விவரம்’ என்று பொதுவாக எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். கால்வாயின் பெயர், ஆண்டு, ஒப்பந்தத் தொகை என்று குறிப்பாகக் கேள். இத்தனையும் ஒரே செய்திக்காகச் செய்தால் ஷீட்ஸ், வரைபடம், சட்டம், தியரி நான்கும் உனக்குக் கைவந்துவிடும்.

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். கடல் கொந்தளித்தாலே பழைய வீடியோக்களை ‘இன்று காலை’ என்று போடுகிறார்கள். வீட்டில் பெண்கள் பயந்துபோகிறார்கள். உடனே சரிபார்க்க வழி இருக்கிறதா அக்கா?
*– மீனவ இளைஞர், குளச்சல்*

இருக்கிறது தம்பி. நீங்கள் செய்வது செய்தி ஆசிரியர் வேலைதான், அதைப் பொறுப்போடு கேட்டதற்கு நன்றி.

வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில், எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும். அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வீடியோவை நிறுத்தி, அலையைத் தவிர வேறு ஏதாவது தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அலை எல்லாக் கரையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோயில் கோபுரம், சர்ச், கடைப் பலகை, படகின் பதிவு எண் இவைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸில் அதைப் போடுங்கள், அப்புறம் அதே வேலையைச் செய்யும் டின்ஐ (TinEye) தளத்தில் போட்டு ‘மிகப் பழையது’ என்று வரிசைப்படுத்துங்கள். மூன்று வருடத்துக்கு முன்பே இணையத்தில் இருந்த படம் இன்று காலை எடுத்ததாக இருக்க முடியாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் ‘படம் புதிது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது, தேடலில் அகப்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

நம் கடற்கரைக்கென்றே ஒரு அடையாளம் உண்டு: கடல் அரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு. வீடியோவில் கல் வளைவு தெரிந்தால், கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய செயற்கைக்கோள் படங்களை ஒவ்வொரு வருடமாக நகர்த்திப் பாருங்கள். உங்கள் ஊர் வளைவு நீட்டப்பட்ட பிறகு எடுத்ததா, அதற்கு முன்பா என்று தெரிந்துவிடும். கடலோரப் பையன்களுக்கு அது எங்களைவிட வேகமாகப் பிடிபடும்.

இன்னொன்று. பொய் வீடியோவைப் பிடிப்பதோடு நிற்காமல், உண்மையான எச்சரிக்கையை முதலில் போடுபவராக இருங்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியிடுகிறது. காற்றும் மழையும் இல்லாமல், தொலைவில் எங்கோ வீசிய புயலின் அலை நம் கரையில் ஏறும் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கு அது தெரிவதே இல்லை. 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனபோது எச்சரிக்கை ஏற்கெனவே வெளியாகியிருந்தது. கரையில் நின்றவர்களின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை என்பதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. உங்கள் குழு அந்த வேலையைச் செய்யட்டும். எச்சரிக்கையை அப்படியே ஃபார்வர்ட் செய்யாமல், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எந்தக் கரை என்று இரண்டு வரியில் எழுதி, கீழே மூலத்தையும் போடுங்கள்.

மகள் இந்தப் படிப்பு வேண்டும் என்கிறாள். விலை கூடிய லேப்டாப்பும், தனியாகக் கோர்ஸும் எடுக்க வேண்டுமாமே?
*– ஒரு தாய், தோவாளை*

வேண்டாம் அம்மா. மேலே சொன்ன கருவிகளைத் தொடங்கக் காசு கட்ட வேண்டியதில்லை, சாதாரண லேப்டாப் போதும். கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவிலும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நைட் (Knight) இதழியல் மையத்திலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஒரு தோழி கிடைத்தால் போதும். கோர்ஸுக்கு வைத்த பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதை எடுத்துக்கொண்டு அவள் முதலில் உங்கள் ஊர்ப் பூச்சந்தைக்குப் போகட்டும். பிச்சிப்பூ விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று பூ கட்டும் பெண்களிடமும் வியாபாரிகளிடமும் கேட்டு வரட்டும்.

பேட்டியை எழுத்தாக்க ஏ.ஐ. போதுமா?
*– பகுதிநேர நிருபர், தக்கலை*

மேடைப் பேச்சுக்கு ஓரளவு உதவும். நம் ஊர்ப் பேச்சில் நிறையத் தடுமாறும், பெயரையும் எண்ணையும் மாற்றிப் போடும். முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறிக்குள் போகும் ஒவ்வொரு வரியையும் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு ஒப்பிட்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் ஒலிப்பதிவை அந்தச் செயலிகளில் ஏற்றவே ஏற்றாதீர்கள், அதைக் கையாலேயே எழுதுங்கள்.